ஆளில்லாக் கடை

2005-இல் மலேசியாவுக்கு வந்த மேப்பிள்ஸ்டோரி என்ற இணைய விளையாட்டு, ஜாசின் பக்கத்துப் பையன்களுக்கு ஒரு வித்தை கற்றுக்கொடுத்தது: தூங்கிக்கொண்டே வியாபாரம். அப்போதெல்லாம் கூலி வணிகன் ஒருவனைச் சந்தையில் நிறுத்திவிட்டுக் கணினியை மூடிவிடலாம். 24 மணி நேரம் அவன் விற்பான். அதற்குள் எட்டிப் பார்க்காவிட்டால் சரக்கும் மெசோப் பணமும் பிரெட்ரிக் என்ற பொறுப்பாளரிடம் போய்ச் சேரும்.

அது போதாதென்று துணைப் பாத்திரங்கள். சண்டைக்கு ஒன்று, சாமான் சுமக்க ஒன்று. மூன்றாவது எதற்கென்று உரிமையாளருக்கே மறந்திருக்கும். ஒரு கணக்கில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் நுழையலாம் என்பதால் தங்கச்சி பெயரிலும் ஒரு கணக்கு. அவள் அந்த ஆட்டத்தைத் திறந்தே பார்த்ததில்லை. ஆனாலும் பெரிய மந்திரவாதி.

ரப்பர் தோட்டத்துத் தாத்தாக்களுக்கு இதில் வியப்பேதும் இருக்கவில்லை. அந்தக் காலத்துக் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு: வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் நாளுக்கு இவ்வளவு என்று. கத்தியைத் தொடாமலே, அடுத்தவர் சீவிய மரத்தில் நிலை உயர்ந்தவர் அவர். ஆனால் கங்காணி ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்காவது இருட்டோடு எழுந்து வருவார். பேரனை எழுப்ப, “டேய், ஒன் கடையில யாரோ வெல கேக்குறாங்கடா” என்று பாட்டி பொய் சொல்ல வேண்டியிருந்தது.