கட்டண நீச்சல் குளங்களைக் கோடைக்கு எழுப்புதல்: நீரியல், வேதியியல், எண்ணெயியல் நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

பங்குனி பிறந்து, பள்ளித் தேர்வுகள் முடியும் தறுவாயில், தமிழ்நாட்டுக் கட்டண நீச்சல் குளங்கள் துயிலெழுப்பப்படுகின்றன. அந்தச் சடங்கின் முறைகளையும் அதனால் விளையும் பயனையும் இக்கட்டுரை ஆராய்கிறது. முடிவு பலருக்கு உவப்பாக இராது.

1. வரலாறு

மொகஞ்சதாரோ பெருங்குளம் ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் ஆழமும் கொண்டது. நீர் கசியாதிருக்க நிலக்கீல் பூசியிருந்தார்கள். நீரை வடிக்க ஒரு மூலையில் போக்குவழியும் வைத்திருந்தார்கள். குளத்தைக் காலிசெய்து கழுவும் கலை 4,000 ஆண்டுப் பழமை உடையது என்று இதனால் துணியலாம். ‘குளத்தில் சிறுநீர் கழிக்காதீர்’ என்ற பலகை அங்கே இருந்ததா? சிந்து எழுத்து வாசிக்கப்படும்வரை, இல்லை என்று சாதிக்க எவருக்கும் உரிமையில்லை.

2. நீரியல்

25 மீட்டர் நீளம், 12.5 மீட்டர் அகலம், சராசரி 1.5 மீட்டர் ஆழம் உள்ள குளம் 4,68,750 லிட்டர் கொள்ளும். 12,000 லிட்டர் லாரியில் இது 39 நடை. அதற்குப் பிறகும் 750 லிட்டர் குறையும். அதற்காக 40ஆவது லாரியை அழைக்கும் ஓனர் உலகில் இல்லை. அக்குறை எப்படி நிரம்புகிறது என்பதை 4ஆம் பிரிவில் காண்க.

3. வேதியியல்

வரிசை இது: பழைய நீரை வடித்து, டைல்ஸைத் தேய்த்துக் கழுவ வேண்டும். மணல் ஃபில்டரில் நீரை எதிர்த்திசையில் விட்டு பேக்வாஷ் செய்ய வேண்டும். புதுநீர் நிரப்பி, படிகாரம் கரைத்து, மோட்டாரை நிறுத்தி, இரவு முழுக்கச் சும்மா விட வேண்டும். கலங்கல் அடியில் படியும். காலையில் வேக்குவம் போட்டு இழுத்துவிடலாம். சும்மா இருப்பதையே செய்முறையாகக் கொண்ட வேறு தொழில்நுட்பம் அரிது.

அடுத்தது பிஹெச். 7.2க்கும் 7.8க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஏறினால் ஆசிட், இறங்கினால் சோடா. 8ஐத் தாண்டிவிட்டால் போட்ட குளோரினில் பெரும்பகுதி வீரியம் இழந்து வெறுமனே மிதக்கும். குளோரின் 1 முதல் 3 பிபிஎம். ஆசிட்டையும் குளோரினையும் ஒரே வாளியில் கலப்பவருக்கு நச்சுவாயு கிடைக்கும். இந்த ஒரு வாக்கியம் மட்டும் நகைச்சுவை அன்று.

அளக்கும் கருவி ஒரு சிறு பெட்டி. குழாயில் நீரெடுத்துச் சொட்டு மருந்து விட்டால் குளோரினுக்கு மஞ்சள், பிஹெச்சுக்குச் சிவப்பு. நிறத்தின் அடர்த்தி பார்ப்பவரின் பதவியைப் பொறுத்து மாறும் என்பது நமது கண்டுபிடிப்பு. “மஞ்சளே வரலை சார், இன்னும் ரெண்டு கிலோ போடணும்” என்பார் பூல் பாய். “நல்லா கண்ணைத் திறந்து பாருப்பா, எலுமிச்சம்பழமா இருக்கு” என்பார் பில் கட்டும் ஓனர்.

மருந்து மாறினால் என்ன ஆகும்? 2016 ரியோ ஒலிம்பிக்கில் டைவிங் குளம் ஒரே நாளில் பச்சையாகியது. யாரோ ஊற்றிய 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடு குளோரினை முறித்துவிட, பாசி குடியேறியது. உலகமே டிவியில் பார்த்தது. நம்மூர்க் குளங்கள் பச்சையாகும்போது உலகம் பார்ப்பதில்லை என்பது ஓர் ஆறுதல்.

4. எண்ணெயியலும் சமூகவியலும்

இதுவரை நீர் குற்றமற்றது. ஏப்ரலில் கோடைப் பயிற்சி தொடங்குகிறது. குளோரினில் முடி கொட்டிவிடும் என்று அஞ்சிய தாய்மார் பிள்ளையின் தலையில் கை நிறையத் தேங்காயெண்ணெய் வைத்து அனுப்புகிறார்கள். நீர்மட்டத்தில் டைல்ஸைச் சுற்றிப் படியும் வழுவழுப்பான கோடு அந்தப் பாசத்தின் எல்லைக்கோடு. ஃபில்டர் மணலும் அதை உண்டு கட்டி தட்டுகிறது. நுழைவாயிலில் உள்ள ஷவரோ, ‘குளித்துவிட்டு இறங்கவும்’ என்ற பலகையின் கீழ் உலர்ந்தே நிற்கிறது.

எஞ்சிய பொருளைக் கனடா நாட்டு ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2017இல் அளந்தனர். உடலில் செரிக்காமல் சிறுநீரில் அப்படியே வெளியேறும் செயற்கை இனிப்பு ஒன்றைக் குள நீரில் தேடி, சுமார் 8,30,000 லிட்டர் குளம் ஒன்றில் 75 லிட்டர் சிறுநீர் இருப்பதாக மதிப்பிட்டனர். நமது குளத்துக்கு அந்த விகிதப்படி 42 லிட்டர். 2ஆம் பிரிவின் 750 லிட்டர் குறைக்கு இது போதாது என்பதை ஒப்புக்கொள்கிறோம்; வியர்வையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கரையில் நின்று மூச்சை இழுத்து, “செம குளோரின் வாசனை, தண்ணி சுத்தமா இருக்கு” என்று மகிழும் பெற்றோருக்கு ஒரு செய்தி. அளவான குளோரினுக்கு அவ்வளவு நெடி கிடையாது. அந்த நெடி, குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்வதால் உண்டாகும் குளோரமின்களுடையது. கண் சிவப்பதற்கும் பெரும்பாலும் அவையே காரணம். சிறுநீர் பட்டால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும் மருந்து குளத்தில் இருக்கிறது என்பது வெறும் மிரட்டல். அப்படி ஒரு மருந்து இருந்திருந்தால் கட்டணக் குளத் தொழிலே நடந்திராது.

5. முடிவு

படிகாரம், ஆசிட், குளோரின், மோட்டார் கரண்ட் என ஓனர் செலவழிப்பதில் பெரும்பங்கு, வருகிறவர் கொண்டுவந்து இறக்குவதை எடுக்கவே போகிறது. ஆகவே இந்த ஆய்வின் பரிந்துரை மூன்றே: தலையில் எண்ணெய் வேண்டாம், கழிவறைக்குப் போய்விட்டு வரவும், அந்த ஷவரை ஒரு நிமிடம் திறக்கவும். மூன்றும் இலவசம். அதனால்தான் யாரும் செய்வதில்லை என்பது ஆய்வாளரின் துணிபு.