மழைக்கு மூன்று மனு

எங்கள் ஊரான சூலக்கரைக்குக் குளிர்காலம் வந்து போனதாக எனக்கு நினைவில்லை. மார்கழி விடியலில் நாலு பேர் காதோடு துண்டைக் கட்டிக்கொண்டு டீக்கடைக்கு வருவார்கள். ஒன்பது மணிக்கு அதே துண்டால் வியர்வையைத் துடைப்பார்கள். தோட்டத்தைக் காலி செய்யச் சொல்லி எங்களுக்கு ஓலை அனுப்புவது குளிர் அல்ல, ஐப்பசி அடைமழைதான். ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி ஐப்பசியை ஒட்டிய மூன்று மாதத்தில் கொட்டிவிடும்.

ஆடிப்பட்டம் தேடி மூன்று பாத்தி போட்டிருந்தேன்: கொத்தவரை, வெண்டை, கத்தரி. போர் தண்ணீர் உப்பு என்பதால், குடிக்க விலைக்கு வாங்கும் குடத்திலிருந்து திருட்டுத்தனமாக ஊற்றி வளர்த்தேன். (அம்மாவுக்கு இது தெரியாது. தெரியவும் வேண்டாம்.)

ஐப்பசி பிறந்த மறுநாள் கிழக்கே இருட்டியது. “இருக்கிறதை எல்லாம் பறிச்சிருப்பா, வத்தல் போட்டுருவோம்” என்றாள் அம்மா. பறித்தேன். கத்தரி ஏழு; ஐந்தில் ஏற்கெனவே புழு குடியேறியிருந்தது. இலைக்கடியில் ஒளிந்து முற்றிய வெண்டைக்காய் ஒன்றைப் போலீஸ்காரரிடம் கொடுத்தால் லத்தி என்று வாங்கிக்கொள்வார். கொத்தவரை மட்டும் ஒரு கிலோ தேறியது.

உப்புப் போட்டு அரைவேக்காட்டில் அவித்து, மொட்டைமாடியில் வேட்டி விரித்துப் பரப்பினோம். இனி வெயில் பாடு. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் சிவகாசியில் வேர்பிடித்ததற்கு இந்த வறண்ட வெயிலும் ஒரு காரணம். தீக்குச்சியைக் காயவைத்த வெயில் கொத்தவரையைக் கைவிடுமா என்று நம்பினேன்.

ஆனால் மழை விஷயத்தில் எங்கள் ஊர் ஒரு முடிவுக்கு வந்ததே இல்லை. பக்கத்து வீட்டு அண்ணன் மானாவாரியில் மக்காச்சோளம் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறார். மதினி பயராபீஸுக்கு, அதாவது பட்டாசு ஆலைக்கு, வேலைக்குப் போகிறவர்; மழை பெய்தால் மருந்து காயாது, வேலையில்லை, கூலியில்லை. ஒரே வீட்டிலிருந்து பராசக்தி மாரியம்மனுக்கு இரண்டு மனு. மாடியில் நின்று நான் மூன்றாவது போட்டேன்: “பெய்யட்டும் தாயே, நாலு நாள் கழித்து.”

அன்று ராத்திரியே அண்ணன் மனு பாஸாகிவிட்டது. நானும் அம்மாவும் வேட்டியின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இறக்குவதற்குள் கொத்தவரை இரண்டாம் முறை ஊறியது. கூடத்தில் ஃபேனைப் போட்டுக் காயவைத்தோம், கரண்ட் போனது. “ஃபேன் காத்துல எவன்டா வத்தல் போடுவான்?” என்று அந்த இருட்டில் அம்மா கேட்டதற்கு இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை. ஒரு கிலோவில் மிஞ்சியது ஒரு கைப்பிடி. அதிலும் பாதி பூசணம்.

அதே மழைக்குக் கரிசல் காட்டில், யாரும் விதைக்காத, யாரும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றாத அதலைக்காய் கொடி கொடியாகப் படர்ந்தது. கார்த்திகையில் அம்மா மடி நிறையப் பறித்து வந்தாள். வெறும் பாத்திக்கு எதிரே, எனக்குத் தெரிகிற மாதிரி உட்கார்ந்துதான் அதை ஆய்ந்தாள்.