பாட்டுக்குப் பட்டா யார் பேர்ல?

என்ன கண்ணு, பெங்களூரு பெரிய கம்பெனி உன் நாட்டுப்பாட்டை ஆல்பமாப் போடுதாமே? ராயக்கோட்டை தக்காளி மண்டி வரைக்கும் சேதி போயிடுச்சு. சந்தோசம். அதென்ன, முதல்ல போஸ்டர், அப்புறம் டீசர், அந்த டீசர் வர்ற தேதிக்கு இன்னொரு போஸ்டர்? பாட்டு எப்பதான் சாமி வரும்? உங்க அவ்வா ராகிக் கொல்லையில களை வெட்டறப்ப எந்த டீசரும் விடல. குனிஞ்சா, பாடினா.

போட்டோவுல நீ கிழிஞ்ச பனியனும் தலப்பாவுமா நிக்கறே. பீரோ நிறைய சட்டை வெச்சிருக்கிறவன்தானே நீ? கம்பெனிக்கு மண்வாசனை வேணுமாம். இங்க வர்றது தக்காளிக்கு அடிக்கிற மருந்து வாசனைதான். அதையும் டப்பாவுல அடைச்சுக் குடு, பார்ப்போம்.

அமெரிக்காவுல பாப் டிலன்னு ஒரு பாட்டுக்காரர். 1962-ல கொலம்பியா கம்பெனி அவரோட முதல் ரெக்கார்டைப் போட்டுது. கிடாரு, மவுத் ஆர்கன், அவரு குரலு. செலவு 400 டாலர் சொச்சம். முதல் வருசம் 5,000 வித்திருந்தா பெருசு. அவரைக் கூட்டியாந்தவர் ஜான் ஹாமண்ட். ‘ஹாமண்டோட கிறுக்குத்தனம்’னு ஆபீஸ்லயே சிரிச்சாங்க. அதே டிலனுக்குத்தான் 2016-ல நோபல் பரிசு. டீசரா வாங்கிக் குடுத்துது?

நம்மாளுங்க கதைக்கு வா. 2021 மார்ச்சுல ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாட்டு வந்துது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல உழைச்ச தன் பாட்டி வள்ளியம்மாளை நெனச்சு பாட்டுக்காரர் அறிவு எழுதினாரு. அவரும் பாடகி தீயும் பாடினாங்க, சந்தோஷ் நாராயணன் இசை. வெளியிட்டது மாஜாங்கிற கம்பெனி. கோடிக்கணக்குல பார்த்தாங்க. ஆகஸ்ட்டுல ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ பத்திரிகை அட்டையப் பார்த்தா தீ இருக்காங்க, அறிவைக் காணோம்! ஊரு கூச்சல் போட்டப்புறம் அவருக்குத் தனியா ஒரு டிஜிட்டல் அட்டை. பந்தி முடிஞ்சப்புறம் எலை போட்டாப்பல. 2024 மார்ச்சுல சந்தோஷ் நாராயணன், எங்க மூணு பேருக்கும் ஒத்த ரூபா வரலன்னாரு. கம்பெனி மறுத்துது. எது நெசமோ, கணக்கு நோட்டை நம்மகிட்டயா காட்டப் போறாங்க?

சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்க வந்தப்ப உத்தனப்பள்ளியில என்ன போராட்டம்! பட்டா, சிட்டா, வில்லங்கம்னு ராத்திரி பகலாப் புரட்டினவங்க நாம. பாட்டுன்னதும் மட்டும் கேட்ட எடத்துல கையெழுத்தா?

2012-ல காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினாங்க. எழுதினவரும் மெட்டுப் போட்டவரும் ராயல்டியில தங்களோட சமபங்கைக் கம்பெனிக்கு எழுதிக் குடுக்க நெனச்சாலும் சட்டம் விடாது. ஆனா அவ்வா பாட்டுக்கு எழுதினவங்க யாரு? அங்கதான் எவன் பேராச்சும் நுழையும். அப்புறம் மாரியம்மன் பண்டிகையில நீ பாடினதை யூடியூப்ல போட்டா, இது எங்க சொத்துன்னு உனக்கே நோட்டீஸ் வந்தாலும் வரும்.

ஆல்பம் அட்டையில ‘மரபுப் பாட்டு’ன்னு போடச் சொல்லு. ஒப்பந்தத்தை வக்கீல்கிட்டக் குடுத்துத் தமிழ்ல படிக்கச் சொல்லிக் கேளு. போட்டோவுக்கு அப்புறமா நிக்கலாம், அந்தக் கிழிஞ்ச பனியன் எங்கயும் ஓடிடாது.