ஊர் கூடிப் பார்த்த ஆட்டம்

2025 மார்ச்சில் ஸ்போர்ட்ஸ்18 சேனல்கள் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் என்ற பெயருக்குள் போய்ச் சேர்ந்த செய்தி வந்தபோது, ராசிபுரம் பக்கத்து எங்கள் ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரிலையன்ஸின் வயாகாம்18 நிறுவனமும் டிஸ்னியின் ஸ்டார் இந்தியாவும் 2024 நவம்பர் 14 அன்று இணைந்து, 70,352 கோடி ரூபாய் மதிப்பு சொல்லப்பட்ட ஒரே நிறுவனமாக ஆகியிருந்தன. நேற்றுவரை ஒளிபரப்பு உரிமை ஏலத்தில் முட்டிக்கொண்டவர்கள் இன்று ஒரே குடும்பம். டீக்கடையில் "மேட்ச் வருதுங்களா?" என்று ஒருவர் கேட்டார், "வருதுங்க" என்றார் கடைக்காரர், பேச்சு முடிந்தது. எனக்கோ, ஒரு மேட்ச் நம் பக்கத்துக்கு வந்து சேர எந்தெந்த வழியாகவெல்லாம் நடந்து வந்திருக்கிறது என்று நினைக்க நினைக்க, உங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும் போலிருக்கிறது.

முதலில் அது காது வழியாக வந்தது. பொங்கல் சமயத்துச் சேப்பாக்கம் டெஸ்ட் என்றால், தறிப்பட்டறையில் நாடா அடிக்கும் சத்தத்துக்கு மேலே டிரான்சிஸ்டரை உச்சத்தில் வைத்திருப்பார்கள். அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனை அந்த இரைச்சலுக்குள் புகுந்து புறப்பட்டுப் பாதி வாக்கியமாக வந்து சேரும், மீதியை நாங்களே முடித்துக்கொள்வோம். சேப்பாக்கத்தைக் கண்ணால் பார்த்திராத நாங்கள் ஆளுக்கொரு சேப்பாக்கத்தை மனத்துக்குள் கட்டி வைத்திருந்தோம். பல வருடம் கழித்து நிஜ மைதானத்தின் படிக்கட்டில் உட்கார்ந்தபோதும், நான் கட்டிய மைதானம்தான் பெரியது என்று தோன்றியது, இன்றைக்கும் தோன்றுகிறது.

அப்புறம் ஆண்டெனா வந்தது. விளையாட்டுக்கென்று தனிச் சேனல் கிடையாது, தூர்தர்ஷன் ஒன்றுதான், தெருவுக்கும் டி.வி. ஒன்றுதான், லாரி வைத்திருந்த பெரியப்பா வீட்டில். கூடத்தில் பொடிசுகள், ஜன்னலோரம் பெண்கள், வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு டிரைவர், கிளீனர் எல்லோரும். மொட்டை மாடியில் ஒரு மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "இப்பத் தெரியுதா?" என்பார். "இன்னுங் கொஞ்சம் மேக்கால திருப்புங்க மாமா… ஐயோ, போச்சு, பழையபடியே வையுங்க!" 1987 நவம்பரில் வான்கடே அரையிறுதியில் கிரஹாம் கூச் ஸ்வீப் மேல் ஸ்வீப்பாக அடித்து 115 ரன் எடுத்து நம்மை வெளியேற்றிய அன்று, அந்தக் கூடம் முழுக்க ஒன்றாகத் தலையில் கை வைத்தது. ஓவரின் கடைசிப் பந்தை விளம்பரம் விழுங்கும், நடுவில் செய்தி வந்து ஆட்டத்தை நிறுத்தும். அந்த நேரத்தில்தான் பெரியம்மா மோர் கொண்டுவருவார். யாரை எடுத்திருக்க வேண்டும், யாரை எடுத்திருக்கக் கூடாது என்று டிரைவரும் முதலாளியும் சரிசமமாகச் சண்டை போடுவார்கள். மற்ற நேரத்தில் அவர்கள் அப்படிப் பேசிக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளில் கேபிள்காரர் வயரைத் தோளில் போட்டுக்கொண்டு கூரை கூரையாகத் தாண்டினார். இ.எஸ்.பி.என். ஒரு பக்கம், ஸ்டார் ஸ்போர்ட்ஸ் ஒரு பக்கம் என்று போட்டி போட்டவர்கள் 1996-இல் கைகோத்து ஒரே நிறுவனம் ஆனார்கள். 2012-இல் அந்தக் கூட்டு முடிந்து, மறு வருடம் இ.எஸ்.பி.என். என்ற பெயரே நம் திரையிலிருந்து போய்விட்டது. கேபிள் வந்தபின் படம் கண்ணாடி மாதிரித் தெரிந்தது, பத்து மேட்ச் பார்க்கலாம், நூறு மேட்ச் பார்க்கலாம். ஆனால் தெருவில் வயர் ஏற ஏற, பெரியப்பா வீட்டு வாசற்படியில் செருப்பு குறைந்துகொண்டே வந்தது.

இந்த ஆட்டம் யாருடையது என்ற கேள்வி நீதிமன்றத்துக்கும் போனது. 1993 ஹீரோ கோப்பையில் தூர்தர்ஷனுக்கும் வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் இடையே ஒளிபரப்பு குறித்து வந்த வழக்கில், காற்றலைகள் பொதுச் சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2004 பாகிஸ்தான் தொடரின்போது, டென் ஸ்போர்ட்ஸின் முத்திரையோடும் அதன் விளம்பரங்களோடும் தூர்தர்ஷன் ஆட்டத்தைக் காட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். 2007-இல் சட்டமே வந்தது: தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களைத் தனியார் சேனல் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும், விளம்பர வருமானத்தில் உரிமை பெற்றவருக்கு 75 பங்கு, பிரசார் பாரதிக்கு 25. ஆனால் பகிர்ந்த அந்த ஒளிபரப்பு தூர்தர்ஷனின் தரைவழியிலும் அதன் டி.டி.எச். சேவையிலும் மட்டும்தான் வரலாம், கேபிளில் வரக் கூடாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிவானது. ஆண்டெனாவைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, 2011-இல் மாதம் 70 ரூபாய்க்கு வந்த அரசு கேபிளை நம்பியிருந்த வீடுகளுக்கு அந்த வாசல் அடைபட்டது.

மாற்றத்தில் கிடைத்ததைச் சொல்லாமல் விட்டால் பாவம். 2017 மே மாதத்தில் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் வந்தது. அப்துல் ஜப்பாருக்குப் பிறகு நாள் முழுக்கத் தமிழில் கிரிக்கெட் கேட்கிற பாக்கியம் என் அம்மா வயதுக்காரர்களுக்கும் கிடைத்தது. 2020 ஐ.பி.எல்.-இல், சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் போட்ட யார்க்கரில் டிவில்லியர்ஸின் ஸ்டம்ப் பறந்ததைத் தமிழில் கேட்டுக்கொண்டே பார்த்தோமே, அந்த நிமிஷத்துக்காக எத்தனை சேனல் இணைந்தாலும் பிரிந்தாலும் தகும். இன்று வாழப்பாடி மைதானத்தில் டி.என்.பி.எல். ஆட்டமே நடக்கிறது, மனத்துக்குள் மைதானம் கட்டிக்கொண்டிருந்த ஊர்க்காரர்கள் வண்டி எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

ஆனாலும் கணக்கு ஒன்று உறுத்துகிறது. 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல்.-லுக்கு டி.வி. உரிமையை 23,575 கோடிக்கு ஸ்டாரும், இணைய உரிமையை ஏறக்குறைய அதே அளவு தொகைக்கு வயாகாம்18-ம் எடுத்தன. எதிரிகளாக இருந்த முதல் இரண்டு பருவங்களிலும் வயாகாம்18-இன் ஜியோசினிமாவில் மேட்ச் இலவசம், தமிழும் சேர்த்து. ஒன்றானபின் 2025-இல் சில நிமிஷம் காட்டிவிட்டுச் சந்தா கேட்டார்கள், மூன்று மாதத்துக்கு 149 ரூபாயிலிருந்து. கிழங்கு வாங்க ஒரே ஆலை இருந்தால் விலை எப்படிப் போகும் என்று எங்கள் பக்கத்து மரவள்ளி விவசாயிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

149 ரூபாய் பெரிய காசா என்று கேட்பீர்கள். ஒரு வீட்டில் நாலு போனில் நாலு பேர் தனித்தனியாகப் பார்க்கிற நமக்குப் பெரிய காசில்லை. கோழிப்பண்ணைக் கொட்டகையில் தங்கி வேலை பார்க்கிறவர் பிள்ளைக்கு அது காசுதான். அந்தப் பிள்ளைக்காகத்தான் 2007 சட்டம் எழுதப்பட்டது என்று நான் நம்புகிறேன். கேபிள் வீட்டுக்கும் அது வந்து சேரும்படி திருத்தினால், நிறுவனங்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் இணைந்துகொள்ளட்டும். அந்தத் திருத்தம் வரும்வரை நம் கையில் இருக்கிற வழி ஒன்று உண்டு. அடுத்த இறுதிப் போட்டி அன்று டி.வி.யைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டு, கதவைத் திறந்து வைத்து, தெருப் பிள்ளைகளை உள்ளே கூப்பிடுங்கள். அதற்கு எந்த நிறுவனத்தின் அனுமதியும் வேண்டியதில்லை.