நரைத்த ட்ரக்டருக்கு ஒரு கொட்டில்

“எழுவது வருசமா மழையில நிண்ட சாமானுக்கு இப்ப புதுசா என்ன, தடிமனே பிடிக்கப் போகுது?”

மனைவி இப்படிக் கேட்டபோது ட்ரக்டர் இன்னும் லொறியிலிருந்து முழுதாக இறங்கியிருக்கவில்லை. பின்சில்லு இரண்டும் எங்கள் வாசலில், முன்சில்லு இரண்டும் லொறிப் பலகையில். அந்த இடைவெளியில், இதற்கு ஒரு கொட்டில் போட வேண்டும் என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ட்ரக்டர் இறங்கிய இடம் அதுவரை அவளுடைய கார் நின்ற இடம். கார் அன்று காலையே தெருவுக்குப் போய்விட்டது. கேள்வியின் சூட்டில் பாதி அதற்கு.

மீதிப் பாதி கறிவேப்பிலைக்கு. பதினொரு வருடமாக அவள் தன் கறிவேப்பிலை மரத்துக்கு ஒரு கண்ணாடிக் கூடு கேட்டுக்கொண்டிருக்கிறாள். இங்கிலாந்துக் குளிரில் கறிவேப்பிலையை வெளியே விட்டால் காலையில் அது விறகு. ஆகவே ஐப்பசி பிறந்ததும் சட்டியோடு உள்ளே வந்து, தொலைக்காட்சிக்கு முன்னால் என் கதிரை இருந்த இடத்தில் குந்திக்கொள்ளும். சித்திரை வரை நாங்கள் செய்தி பார்ப்பது இலைகளுக்கூடாகத்தான். இப்படியிருக்க, பூக்காத, காய்க்காத, ரசத்துக்குப் போட முடியாத ஒரு இரும்புக்கு முதலில் கூரை என்றால் எந்தப் பெண் பொறுப்பாள்?

ட்ரக்டர் ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் கிளிநொச்சியிலிருந்து தொடங்க வேண்டும். பெரியப்பா இரணைமடுக்குளத் தண்ணீரில் வயல் செய்தவர். அவரிடம் சிவப்பு நிற மசி பெர்குசன் 35 ஒன்று இருந்தது. பள்ளிக்கூட விடுமுறைக்குப் போனால் எனக்குத் தரப்பட்ட உத்தியோகம், மண்ணெண்ணெய்த் துணியால் அதன் பெயர்த் தகட்டைத் துடைப்பது. துடைத்துத் துடைத்து அதிலிருந்த எழுத்துகளைக் கூட்டி வாசித்தேன்: கொவென்றி, இங்கிலாந்து. அது ட்ரக்டரின் பெயரும் அப்பன் பெயரும் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். பின்னாளில் ஊரைவிட்டு ஓடிவந்து, எங்கே போவது என்று தெரியாமல் நின்றபோது, மாமாவின் மகன் தொலைபேசியில் “கொவென்றிக்கு வா” என்றான். உலகத்தில் நான் கைப்படத் துடைத்திருந்த ஒரே வெளிநாடு அதுதான்.

இந்த நகரத்தில் பானர் லேன் என்று ஒரு தெரு. இரண்டாம் உலகப் போரில் விமான எஞ்சின் செய்த தொழிற்சாலை ஒன்று அங்கே இருந்தது. போர் முடிந்ததும் அதற்குள் ஹாரி பெர்குசனின் ட்ரக்டர் வந்தது. ரி.ஈ. 20 என்ற அந்தச் சாம்பல் நிற ட்ரக்டரை 1946 முதல் 1956 வரை 5 இலட்சத்துக்கும் அதிகமாகச் செய்து தள்ளினார்கள். கலப்பையைப் பின்னால் கட்டி இழுக்காமல், மூன்று புள்ளியில் கொளுவி, எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி இறக்கும் முறையை உலகம் முழுக்கப் பரப்பியது அதுதான். அதற்குப் பிறகு அதே கூரையின் கீழ்தான் பெரியப்பாவின் சிவப்பு 35-உம் பிறந்தது. இப்போது தொழிற்சாலை இல்லை, அங்கே வீடுகள். நான் வாங்கியது 1951-இல் செய்தது. என்னைவிடப் பத்தொன்பது வயது மூத்தது. தலை நரைத்த இரண்டு பேரில் அது நிறத்தோடு பிறந்தது, நான் கடன் கட்டி நரைத்தவன்.

இதையெல்லாம் மனைவியிடம் சொன்னேன். சும்மா இருந்திருக்கலாம். உற்சாகத்தில் எட்மண்ட் ஹிலாரியையும் இழுத்துவிட்டேன். எவரெஸ்ட் ஏறிய அதே மனிதர்தான். 1958 ஜனவரி 4 அன்று தென்துருவத்துக்கு இந்த வகை ட்ரக்டர்களில்தான் போய்ச் சேர்ந்தார், சில்லுகளில் பனிக்கான பட்டி மாட்டிக்கொண்டு, என்றேன்.

அவள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினாள். “தென்துருவத்தில கொட்டில் போட்டே விட்டவர்?”

அடுத்த இரண்டு கிழமை நான் ஹிலாரியின் பெயரை எடுக்கவில்லை.

கடையில் விற்கும் தோட்டக் கொட்டில்களைப் போய்ப் பார்த்தேன். அவை புல்வெட்டும் இயந்திரத்துக்கும், மனைவியோடு கோபித்துக்கொண்ட ஒரு மெல்லிய ஆணுக்கும் போதுமானவை. ஒரு தொன்னுக்கு மேல் பாரமுள்ள சாமானை அந்தப் பலகைத் தரையில் ஏற்றினால், கொட்டில் மேலே நிற்க ட்ரக்டர் நிலத்தில் நிற்கும். ஆகவே நானே கட்டுவது என்று முடிவாயிற்று. எங்கள் பெடியன் கணினியில் ஒரு படம் கீறித் தந்தான். அதில் கொட்டிலைச் சுற்றிப் பூக்கள் இருந்தன, ஒரு நாய் இருந்தது. எங்களிடம் நாய் இல்லை.

பிறகு சட்டம். எல்லை வேலியிலிருந்து 2 மீற்றருக்குள் கட்டினால் கூரையின் உச்சி 2.5 மீற்றரைத் தாண்டக் கூடாது. தள்ளிக் கட்டினால் இரண்டு பக்கச் சாய்ப்புக் கூரை 4 மீற்றர் வரை போகலாம். ஆனால் எங்கள் வளவில் வேலியிலிருந்து 2 மீற்றர் தள்ளினால் கொட்டில் மனைவியின் வெந்தயப் பாத்தியில் போய் உட்காரும். தரை 15 சதுர மீற்றருக்கு மேற்படாமலும் அதற்குள் யாரும் படுத்துறங்காமலும் இருந்தால் கட்டட விதிகள் எட்டிப் பார்க்காது. யாரும் படுத்துறங்கக் கூடாது என்ற இந்தக் கடைசி நிபந்தனையை மனைவிக்கு இரண்டு தடவை உரக்க வாசித்துக் காட்டினேன். என் பாதுகாப்புக்குத்தான்.

வேலிக்கு அருகில் கட்டுவது என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் யாழ்ப்பாணத்தான். கதியால் மாற்றும்போது அரை அடி தள்ளிப் போட்டதற்காக மூன்று தலைமுறை முகம் பார்க்காத குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்தவன். எங்கள் ஊரில் வேலி ஒன்று நகர்ந்தால் அப்புக்காத்து ஒருவர் கார் வாங்குவார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் எழுபத்தெட்டு வயது மனிதர். பன்னிரண்டு வருடத்தில் எங்களுக்குள் நடந்த மொத்தப் பேச்சும் மழையைப் பற்றித்தான். நான் முளையடித்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்த அன்று, அவர் கையில் அளவு நாடாவோடு வேலிப் பக்கம் வந்தார். சரி, வழக்குத்தான் என்று நினைத்தேன்.

அவர் நாடாவை விரித்து அளந்தது ட்ரக்டரை. “2.9 மீற்றர். சரியாகத்தான் இருக்கிறது. சுருங்கவில்லை,” என்றார். பதினாறு வயதில் பானர் லேனில் வேலைக்குச் சேர்ந்தவராம். சாம்பல் நிறம் அவருடைய தகப்பன் காலம். அவர் பூட்டியதெல்லாம் சிவப்பு. நான் பெரியப்பாவின் 35-ஐப் பற்றிச் சொன்னேன். எந்த ஆண்டு என்றார். 1963 என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “இடது பக்க முன்சில்லு நான் பூட்டியதாக இருக்கலாம்.”

வன்னியில் அந்த ட்ரக்டரின் விளக்கு போனது, இருக்கை போனது, இலங்கை அரசாங்கங்கள் எத்தனையோ போயின. இடது முன்சில்லு கடைசிவரை கழலவில்லை. அதை அவரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், எதிர்பார்த்ததுதான் என்பதுபோல.

கொங்கிரீட் நாளை விரிவாகச் சொல்ல எனக்கு இடுப்பு இடம் தராது. 4.8-க்கு 3 மீற்றர், 15 சென்ரிமீற்றர் கனம். கணக்குப் பார்த்தால் 2 கன மீற்றருக்கு மேல், பாரம் 5 தொன். பின் ஒழுங்கைக்குள் ட்ரக்டர் வரும், கலவை லொறி வராது. ஆகவே தெருவிலிருந்து தள்ளுவண்டியில் நாற்பது தடவைக்கு மேல். கிளிநொச்சியில் பெரியப்பா கொட்டில் போட்டபோது காலையில் நாலு பேர் வந்தார்கள். பனஞ்சிலாகை ஏறியது, கிடுகு ஏறியது, மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறியோடு சாப்பாடு, பின்னேரம் ட்ரக்டர் உள்ளே. இங்கே எனக்கும் பழைய மாணவர் சங்கத்திலிருந்து நாலு பேர் வந்தார்கள். ஒருவருக்குப் பன்னிரண்டாவது வண்டியில் முதுகு பிடித்தது. இன்னொருவர் ரொறன்ரோவிலுள்ள மச்சானுக்கு வீடியோவில் கொங்கிரீட்டைக் காட்டிக்கொண்டிருந்தார், மச்சான் அங்கிருந்து தண்ணீர் கூடிப்போச்சு என்றார். மூன்றாமவர் வேட்டி கட்டி வந்திருந்தார். நாலாமவர் முன்பு பொறியியலாளர். அவர் கடைசிவரை எதையும் தொடவில்லை.

மரம் வாங்கப் போனபோதுதான் அளவு என்பது எவ்வளவு பொய் என்று தெரிந்தது. ‘நாலுக்கு ரெண்டு’ என்று கேட்டு வாங்கிய சட்டத்தை வீட்டில் வைத்து அளந்தால் 89-க்கு 38 மில்லிமீற்றர். இழைத்த பிறகு அதுதான் அளவாம். பெயர் மட்டும் பழைய இஞ்சியில் நிற்கிறது. ஊரில் ஓடாவியார் முழத்தில் சொல்வார், ஆனால் சொன்ன முழம் இருக்கும். ட்ரக்டரோ முழுக்க இஞ்சி. என்னிடமுள்ள மில்லிமீற்றர் சாவிகள் அதன் நட்டுகளில் ஒன்று வழுக்கும், ஒன்று ஏறாது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் தகப்பனின் பழைய பெர்குசன் சாவியைக் கொண்டுவந்து தந்தார். அதன் தண்டில் இஞ்சிக் கோடுகள் வெட்டியிருக்கும். நட்டையும் கழற்றலாம், உழவின் ஆழத்தையும் அளக்கலாம். கொட்டில் முழுவதிலும் நான் நம்பிய ஒரே அளவுகோல் அதுதான்.

அவர் நல்ல ஆசிரியரும்கூட. கியர்த் தடியை ஒரு பக்கம் தள்ளினால்தான் ஸ்டார்ட்டர் சுழலும், கியரில் கிடக்கும்போது தவறிக்கூட ஸ்டார்ட் ஆகாது என்று காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, உனக்கு இது விசித்திரமாக இருக்கும், இந்த மாதிரி பெற்றோலில் தொடங்கி, சூடானதும் மண்ணெண்ணெய் போன்ற ஒரு எண்ணெய்க்கு மாறும் என்றார்.

எனக்கா விசித்திரம்? தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணம் முழுவதும் ஓடியது அப்படித்தான். கார்புரேட்டருக்குள் நாலு துளி பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய், பின்னால் வெள்ளைப் புகை. என் தம்பி அந்தப் புகையில்தான் ஹொண்டா ஓட்டப் பழகினான், பெண் பார்க்கவும் போனான். இதைச் சொன்னதும் மனிதர் சில விநாடி பேசவில்லை. பிறகு, “எவ்வளவு துளி?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

ஏழு மாதம் ஆயிற்று. வேலியோரம் என்பதால் உச்சி 2.45 மீற்றர், ஒற்றைச் சாய்ப்புக் கூரை, ஒழுங்கைப் பக்கம் தாழ்வு. கதவு அந்தப் பக்கம். ட்ரக்டரின் ஸ்டியரிங் உயரம் 1.32 மீற்றர் என்று இரண்டு தடவை அளந்து, கையிருப்பாக நாற்பது சென்ரிமீற்றருக்கு மேல் விட்டு நிலையை வைத்தேன். பெருமையாக இருந்தது.

பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்து, ஏறி இருந்தேன். எஞ்சின் ஒரே தடவையில் பிடித்தது. முன்சில்லு உள்ளே போனது, மூக்கு போனது, ஸ்டியரிங் போனது. அதற்குப் பிறகு என் நெற்றி போகவில்லை.

ட்ரக்டரை எல்லாப் பக்கமும் அளந்தவன், அதன்மேல் இருக்கப்போகும் என்னை அளக்கவில்லை. நிலை 1.75, இருக்கையில் இருக்கும் நான் அதற்குக் கொஞ்சம் மேலே. கிளட்சை மிதித்துவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தபோது வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரரின் தலை தெரிந்தது.

“நிலை தாழ்வாக இருப்பதை நான் கவனித்திருந்தேன்,” என்றார். “குனிந்து கும்பிட்டுக்கொண்டு உள்ளே போவது உங்கள் சமய வழக்கமாக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.”

நான் குனிந்தேன். கழுத்தை ஸ்டியரிங்குக்கு மேல் நீட்டி, மூலஸ்தானத்துக்குள் நுழையும் ஐயரைப் போல மெல்ல உள்ளே போனேன். பெரியப்பாவும் தன் கிடுகுக் கொட்டிலுக்குள் இப்படித்தான் போவார் என்பது அந்த நேரத்தில்தான் ஞாபகம் வந்தது. அவர் ஆறடி. அவருடைய நெற்றியில் எப்போதும் இருந்த தழும்பை நாங்கள் நெல் வெட்டுக் காலத்துக் காயம் என்றே நம்பியிருந்தோம்.

எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினேன். கொட்டிலின் அந்தக் கோடியில், யன்னலுக்குக் கீழே, மனைவி நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. நெற்றிக்குத் தேய்க்க நல்லெண்ணெய் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கையில் இருந்தது பெர்குசன் சாவி. சுவரோடு வைத்து, கோட்டுக்குக் கோடு நகர்த்தி அளந்துகொண்டிருந்தாள்.

“இஞ்சேருங்கோ, இந்தப் பக்கம் அஞ்சடி சும்மா கிடக்குது,” என்றாள். “கூரையில இந்த ரெண்டு பலகையைக் கழட்டிப்போட்டுக் கண்ணாடி போட எத்தினை நாள் செல்லும்?”