வாழ்த்துக் கிண்ணத்தில் அன்னாசி

கேள்வி: மகளின் நிச்சயதார்த்தத்தை ஒட்டி, பசியாறலையும் பகல் சாப்பாட்டையும் சேர்த்துப் பத்து மணிக்கு விருந்து. மது கிடையாது. கிளாஸை உயர்த்தி வாழ்த்த, நுரை பொங்கும் பானம் ஏதாவது சொல்லுங்களேன்?
– வாசகி, ஸ்கூடாய், ஜொகூர்

பதில்: மலேசியாவிலேயே அன்னாசி அதிகம் விளையும் மாநிலத்தில் இருந்துகொண்டு வெளிநாட்டுப் புட்டியைத் தேடுவானேன்? மார்டி ஆய்வு நிறுவனம் 1996இல் வெளியிட்ட ஜோசபைன் ரகம் கிடைத்தால் நல்லது, எம்டி2வும் சரிதான். பழம் கூடத்துக்கே மணக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். சோம்பலில் இதை விட்டுவிடாதீர்கள். நாரைப் பிடித்துக்கொண்டுதான் குமிழிகள் கிளம்பும். சோடா பொங்கி வழிந்து, மிச்சம் சப்பென்று ஆகிவிடும். வடித்த சாற்றில் லீமாவ் கஸ்தூரி பிழிந்து, துளி இஞ்சிச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும் சேருங்கள். பழுத்த பழத்துக்குச் சீனி தேவையில்லை. கிளாஸுக்கு ஓர் அசாம் பொய் போட்டால் புளிப்பும் உப்பும் மெல்ல இறங்கும்.

சாறு, சோடா இரண்டும் நன்றாகக் குளிர்ந்திருக்கட்டும். கரியமில வாயு குளிர்ந்த நீரில்தான் அதிகம் தங்கும். பாதிக்குப் பாதி, சோடா கடைசியில், கிளாஸைச் சாய்த்து. முன்கூட்டியே கலந்து வைத்தால், மாமாவின் வாழ்த்துரை முடிவதற்குள் நுரை விடைபெற்றுவிடும்!

பால் மட்டும் கலக்காதீர்கள். அன்னாசியிலுள்ள புரோமெலைன் அதைத் திரித்துக் கசக்க வைக்கும்.

பேரன் முதல் பாட்டி வரை எல்லோரும் ஒரே பானத்தை உயர்த்தி வாழ்த்தட்டும். உங்கள் மகளுக்கு எங்கள் வாழ்த்தும் சேரட்டும்.