சிசி மாமா

தேனியிலிருந்து குமுளி வரைக்கும், இந்தப் பக்கம் போடி வரைக்கும் எந்த ஊர் டீக்கடையில் இறங்கினாலும் அங்கே ஒரு சிசி மாமா இருப்பார். சின்னமனூரில் என்றால் வாழைத்தார் யாவாரம், கம்பத்தில் என்றால் பன்னீர் திராட்சைத் தோட்டம், போடியில் என்றால் ஏலக்காய். சொந்தம் இருக்கிறதோ இல்லையோ ஊருக்கே மாமா. எவனோ கார் வாங்கப் போகிறான் என்று காதில் விழுந்தால் போதும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். கேட்பது ஒரே கேள்வி.

"எத்தனை சிசி?"

"998, மாமா."

"ஆயிரங்கூட இல்லையா? அந்த ரெண்டு சிசிய எவன் தின்னான்?"

ஷோரூம் பையன் டையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வருவான். "சார், இது டர்போ பெட்ரோல். 120 ஹெச்பி. மூணு சிலிண்டர்தான், ஆனா..." அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அவன் சொன்னது எதுவும் மாமா காதில் ஏறாது. "மூணா? நாலாவத வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டாய்ங்களா? மாப்ள, மிக்ஸிக்குச் சக்கரம் மாட்டி விக்கிறாய்ங்க. வா போவோம்."

மற்றவர்களைப் போல டயரை உதைத்துப் பார்க்கிற ஆள் இல்லை அவர். இன்ஜினை ஓடவிட்டு பானட்டைத் தூக்கச் சொல்வார். கையிலிருக்கும் டீ கிளாஸை இன்ஜின் மூடிமேல் பதமாக வைப்பார். டீயின் மேல் வளையம் வளையமாக அலை கிளம்பும். நுரை மெல்ல ஓரத்துக்கு ஒதுங்கும். ஐடிலில் மூன்று சிலிண்டர் கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். மாமா டீயைப் பார்க்கமாட்டார், கார் வாங்க வந்தவன் முகத்தையே பார்ப்பார். அது நன்றாகச் சுருங்கிய பிறகு கிளாஸை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வார்: "டீ நல்லாருக்கு. வண்டி சரியில்ல."

மாமாவின் கணக்கு அம்பாசடர் காலத்துக் கணக்கு. 1,489 சிசி, நாலு சிலிண்டர். சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குப் பெண்டு பிள்ளைகளோடு ஒன்பது பேரை அதில் அடைத்துக்கொண்டு போனதை இன்றைக்கும் சொல்வார். அந்தப் பெரிய இன்ஜின் கொடுத்த குதிரைத்திறன் ஐம்பதைச் சுற்றித்தான் என்பதைச் சொல்லமாட்டார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தயாராகி 2019இல் வந்த ஹூண்டாய் வென்யூவின் டர்போ இன்ஜின் 998 சிசிதான், திறன் 120. அதற்கும் முன்னால், 2013இலேயே மறைமலை நகரிலிருந்து 999 சிசி டர்போ இன்ஜினோடு ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் வந்தது. இதெல்லாம் மாமா கணக்கில் "பேப்பர்ல எழுதுன குதிரை."

ஒருநாள் ஒர்க்ஷாப் தம்பி பொறுமையாக விளக்கிப் பார்த்தான். "சைலன்சர் வழியாச் சும்மா போற புகைய வச்சு ஒரு விசிறியச் சுத்தவிடுறோம் மாமா. அதே தண்டுல இந்தப் பக்கம் இன்னொரு விசிறி. அது காத்த அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளும். காத்து கூடுனா எண்ணெயும் கூட எரியும். அதான் சின்ன இன்ஜின்ல பெரிய இழுவை. நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல போகும்."

"புகையில ஓடுதா? அப்ப பீடி குடிக்கிறவன் பூராம் ரேஸ்ல ஜெயிக்கணுமே!"

டீக்கடை சிரித்தது. தம்பி தோற்றான்.

இத்தனைக்கும் இது நேற்று முளைத்த வித்தை இல்லை. ஆல்ஃபிரட் பூக்கி என்ற சுவிஸ் பொறியாளர் 1905இல் காப்புரிமை வாங்கியது. பென்னிகுவிக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்துப் பத்தே வருஷம். அணையைக் கும்பிடுகிற மாமா டர்போவை மட்டும் புதுசு என்கிறார்.

உண்மையில் டர்போ நம் பக்கத்து மலைக்கென்றே செய்ததுபோல இருக்கும். போடியிலிருந்து முந்தலைத் தாண்டிப் பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு, சுமார் 4,500 அடி உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. சாதா இன்ஜினுக்கு அந்த அளவுக்கு மூச்சு குறையும். டர்போ விசிறி அந்தக் குறையை அமுக்கி ஈடுகட்டிவிடும்.

அதற்காக மாமாவை ஒரேயடியாக ஒதுக்கிவிடவும் முடியாது. கொண்டை ஊசியில் வண்டியை ஒடித்துத் திருப்பும்போது இன்ஜின் சுற்று இறங்கும், புகை குறையும், விசிறி தூங்கிவிடும். ஆக்சிலேட்டரை மிதித்தால் உடனே ஒன்றும் நடக்காது. ஒரு நொடி கழித்துத்தான் பாயும். எதிரே தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப் இறங்கி வரும்போது அந்த ஒரு நொடி ரொம்ப நீளம். ஃபர்ஸ்ட் கியருக்கு இறக்கத் தெரியாதவன் அங்கே வியர்த்துப்போவான். மைலேஜும் அப்படித்தான். ஐந்து பேர், ஏசி, ஏற்றம் என்றால் விளம்பரத்தில் போட்ட கணக்கு முந்தலிலேயே இறங்கிக்கொள்ளும். "சின்ன இன்ஜின் சின்ன வயிறுன்னு நினைக்காதீங்கப்பா" என்று மாமா சொல்வதை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்று. வண்டியைச் சிசியில் நிறுக்கிற இன்னொரு பெரிய மாமா டெல்லியில் இருக்கிறார். 2006 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் சின்னக் கார்களுக்குக் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். நாலு மீட்டருக்கு மேல் நீளக்கூடாது. பெட்ரோல் என்றால் 1,200 சிசி, டீசல் என்றால் 1,500 சிசி தாண்டக்கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் வந்த ஜிஎஸ்டியிலும் கோடு அதே இடத்தில்தான்: உள்ளே இருந்தால் 18, தாண்டினால் 40. அந்தக் கோட்டுக்குள் உட்காரவேண்டும், இழுக்கவும் வேண்டும், புகை விதிக்கும் அடங்கவேண்டும் என்றால் கம்பெனிக்காரன் டர்போவை விட்டு வேறு எங்கே போவான்?

மாமாவின் குலதெய்வமான பொலிரோவே அந்தக் கோட்டுக்குள் போனது. 2,523 சிசி, நாலு சிலிண்டர், 63 குதிரையாக இருந்த வண்டி, 2016இல் பவர் பிளஸ் என்ற பெயரில் 1,493 சிசி, மூன்று சிலிண்டர், 70 குதிரையாக வந்தது. நீளத்தையும் நாலு மீட்டருக்குள் சுருக்கிவிட்டார்கள். மாமா அதைப் பொலிரோ என்றே கூப்பிடுவதில்லை. "அந்தக் குட்டை" என்பார்.

அவரிடம் இருப்பது பழைய 2,523. ஒருநாள் சர்வீஸுக்கு விட்டபோது தம்பி அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய் டார்ச் அடித்துக் காட்டினான். புகைக்குழாயை ஒட்டி, துருவும் எண்ணெயும் படிந்து, வட்டமாகச் சுருண்ட ஒரு வார்ப்பிரும்பு.

"இது என்னன்னு தெரியுதா மாமா? டர்போ. நீங்க வாங்குன நாள்ல இருந்து இதுலதான் மலை ஏறுறீங்க."

மாமா குனிந்து பார்த்தார். துண்டால் துடைத்தும் பார்த்தார். நிமிர்ந்தார். "இது டீசல் டர்போ. அது வேற சாதி" என்று சொல்லிவிட்டு, தன் டிவிஎஸ் எக்ஸ்எல்லை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அது 99.7 சிசி.

கார் வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஷோரூம்காரர் தேனி பைபாஸில் ஓட்டிக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முந்தலில் ஆள் நிறைய ஏற்றி, ஏசியைப் போட்டு, போடிமெட்டு வரைக்கும் ஏற்றச் சொல்லுங்கள். முன் சீட்டை மாமாவுக்கு விட்டுவிடுங்கள், பின்னால் உட்கார்ந்தால் கோபித்துக்கொள்வார். மேலே போனதும் சாவியை உடனே திருப்பாமல் ஒரு நிமிஷம் ஐடிலில் ஓடவிட்டு அணையுங்கள். டர்போ சூடு தணிய அது வேண்டும்.